ஒளியணுப் புள்ளியியல்

ஒளியணுப் புள்ளியியல் என்பது ஓர் ஒளிமூலத்திலிருந்து வரும் ஒளியணுக்களைச் (போட்டான்களை) சமமான சிறு கால இடைவெளிகளில் எண்ணும்போது கிடைக்கும் எண்ணிக்கைகள் எவ்வாறு பரவியுள்ளன என்பதை ஆராயும் துறை ஆகும். இது குவாண்டம் ஒளியியலின் ஒரு பிரிவு. ஒரே நிறமும் ஒரே சராசரிச் செறிவும் கொண்ட இரு ஒளிக்கற்றைகள் கண்ணுக்கும் சாதாரண ஒளிமானிக்கும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் அவற்றின் ஒளியணுக்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தால், ஒன்று விளக்கிலிருந்து வந்தது, மற்றொன்று லேசரிலிருந்து வந்தது என்று பிரித்தறிய முடியும். மேலும், எந்த ஒளியை அலைக் கொள்கையால் விளக்க முடியும், எந்த ஒளிக்குக் குவாண்டம் கொள்கை கட்டாயம் தேவை என்ற அடிப்படைக் கேள்விக்கும் இத்துறையே விடை தருகின்றது.

அடிப்படைக் கருத்துகள்

632.8 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட, 1 மில்லிவாட் திறனுள்ள சிவப்பு நிற ஈலியம்-நியான் லேசர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஒவ்வோர் ஒளியணுவும் ஏறத்தாழ 3.14 × 10⁻¹⁹ சூல் ஆற்றல் கொண்டது. எனவே ஒரு நொடியில் ஏறத்தாழ 3.2 × 10¹⁵ ஒளியணுக்களும், ஒரு நானோநொடியில் ஏறத்தாழ 32 இலட்சம் ஒளியணுக்களும் வெளிவருகின்றன. இவை சராசரி மட்டுமே. அடுத்தடுத்த நானோநொடிகளில் எண்ணினால் எண்ணிக்கை சற்றே கூடியும் குறைந்தும் இருக்கும். இந்த ஏற்ற இறக்கத்தின் அளவும் தன்மையும் ஒளிமூலத்தைப் பொறுத்தவை.

ஏற்ற இறக்கத்தை அளக்கப் பரவற்படி பயன்படுகின்றது. ஒவ்வோர் எண்ணிக்கையும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதன் வர்க்கங்களின் சராசரியே பரவற்படி ஆகும். பள்ளிப் பாடநூல்களில் இது விலக்க வர்க்கச் சராசரி என்று குறிக்கப்படுகின்றது. இதன் வர்க்கமூலம் திட்ட விலக்கம் எனப்படும். பரவற்படியைச் சராசரியால் வகுத்துப் பெறும் எண் ஃபானோ காரணி எனப்படும். இக்காரணியின் மதிப்பைக் கொண்டு ஒளி மூன்று வகைகளாகப் பிரிக்கப்படுகின்றது.

1. பாய்சான் ஒளி: ஃபானோ காரணி 1. எடுத்துக்காட்டு: நிலையாக இயங்கும் லேசர்.
2. மிகைப் பாய்சான் ஒளி: ஃபானோ காரணி 1 ஐ விட மிகுதி. எடுத்துக்காட்டு: வெப்ப ஒளி.
3. குறைப் பாய்சான் ஒளி: ஃபானோ காரணி 1 ஐ விடக் குறைவு. எடுத்துக்காட்டு: தனி அணு உமிழும் ஒளி.

ஒளிமூலங்களின் வகைகள்

லேசர் ஒளி

சீரொளி என்றும் அழைக்கப்படும் லேசர், அதன் தொடக்க வாயிலை விட மிகவும் உயர்ந்த நிலையில் இயங்கும்போது, அதன் செறிவு பெருமளவு மாறாமல் இருக்கும். இத்தகைய ஒளியில் ஓர் ஒளியணு எப்போது பதிவாகும் என்பது அதற்கு முன் பதிவான ஒளியணுவைச் சார்ந்திருப்பதில்லை. தற்செயலான, ஒன்றையொன்று சாராத நிகழ்வுகளின் எண்ணிக்கை பாய்சான் பரவலைப் பின்பற்றும் என்பது நிகழ்தகவியலில் அறிந்த முடிவு. ஒரு சாலையில் மழைத்துளிகள் ஒரு குறிப்பிட்ட கல்லின் மீது விழும் எண்ணிக்கையும் இவ்வாறே அமையும்.

பாய்சான் பரவலில் பரவற்படி சராசரிக்குச் சமம். எனவே மேற்கூறிய லேசரில் ஒரு நானோநொடிக்கான திட்ட விலக்கம் 32 இலட்சத்தின் வர்க்கமூலமான ஏறத்தாழ 1800 ஆகும். இது சராசரியில் 0.06 விழுக்காட்டுக்கும் குறைவு. சராசரி 100 ஆக இருந்தால் விலக்கம் 10, அதாவது 10 விழுக்காடு. ஒளி மங்க மங்க இரைச்சலின் பங்கு பெரிதாகின்றது. மங்கிய ஒளியில் எடுத்த நிழற்படங்களில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலுக்கு இதுவும் ஒரு முதன்மைக் காரணம்.

லேசர் தன் தொடக்க வாயிலுக்குக் கீழே இயங்கும்போது அதன் ஒளி வெப்ப ஒளியின் புள்ளியியலையே காட்டும். வாயிலைக் கடக்கும்போது புள்ளியியல் படிப்படியாகப் பாய்சான் வகைக்கு மாறுகின்றது. ஆகவே வாயிலைக் கடந்த லேசர், செறிவு மிகுந்த விளக்கு மட்டுமன்று. அது வேறு வகையான ஒளியைத் தருகின்றது.

வெப்ப ஒளி

சூரியன், விண்மீன்கள், இழை விளக்கு, வளிம மின்னிறக்க விளக்கு ஆகியவற்றில் எண்ணற்ற அணுக்கள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி ஒளியை உமிழ்கின்றன. அவ்வலைகள் சில கணங்களில் ஒன்றையொன்று வலுப்படுத்தியும், சில கணங்களில் அழித்தும் சேர்வதால் மொத்தச் செறிவு இடைவிடாது ஏறி இறங்குகின்றது. செறிவு உயர்ந்த கணத்தில் பல ஒளியணுக்கள் சேர்ந்து பதிவாகும். தாழ்ந்த கணத்தில் ஒன்றுமே பதிவாகாமல் போகலாம்.

ஒரே அலைப்பாங்கில் உள்ள வெப்ப ஒளியின் எண்ணிக்கை போசு-ஐன்ஸ்டைன் பரவலைப் பின்பற்றும். அதற்கான தொடர்பு வருமாறு:

பரவற்படி = சராசரி + சராசரி²

இதில் முதல் உறுப்பு துகள்களின் தற்செயல் தன்மையையும், இரண்டாம் உறுப்பு அலைகளின் ஏற்ற இறக்கத்தையும் குறிக்கின்றது. கரும்பொருள் கதிர்வீச்சின் ஆற்றல் ஏற்ற இறக்கத்துக்கு இவ்வாறான இரு உறுப்புகள் உள்ளன என்பதை ஐன்ஸ்டைன் 1909 இல் காட்டினார். ஒளி ஒரே நேரத்தில் துகளாகவும் அலையாகவும் நடந்துகொள்கின்றது என்பதற்குக் கிடைத்த முதல் கணிதச் சான்றுகளுள் இதுவும் ஒன்று. 1924 இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சத்தியேந்திர நாத் போசு, ஒளியணுக்களை ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுத்த இயலாத துகள்களாகக் கருதி எண்ணும் முறையால் பிளாங்க்கின் கதிர்வீச்சு விதியைத் தருவித்தார்.

வீட்டு விளக்கின் ஒளியில் இந்த மிகையான ஏற்ற இறக்கம் புலப்படுவதில்லை. இழை விளக்கின் செறிவு ஏறி இறங்கும் காலம், அதாவது அதன் ஓரியல்புக் காலம், ஃபெம்டோநொடி அளவில் அமைந்தது. உணரி ஒரு மைக்ரோநொடி எண்ணினால் அதற்குள் பல கோடி ஏற்ற இறக்கங்கள் நிகழ்ந்து சமன்பட்டுவிடும். இவ்வாறு எண்ணப்படும் அலைப்பாங்குகளின் எண்ணிக்கை கூடக் கூட, இரண்டாம் உறுப்பு அவ்வெண்ணால் வகுபட்டுச் சிறுத்துக்கொண்டே செல்லும்; பரவல் பாய்சான் வடிவை நெருங்கும். எனவே பாய்சான் புள்ளியியல் காணப்படுவதால் மட்டும் ஒளிமூலம் லேசர் என்று முடிவு செய்துவிட முடியாது.

ஆய்வகங்களில் லேசர் ஒளியைச் சுழலும் தேய்த்த கண்ணாடித் தட்டின் வழியாகச் செலுத்தி, மெதுவாக ஏறி இறங்கும் போலி வெப்ப ஒளியை உருவாக்குகின்றனர். 1964 இல் மார்ட்டியன்சென், சுபில்லர் ஆகியோர் இம்முறையைக் கையாண்டனர். இதனால் வெப்ப ஒளியின் பரவலை மாணவர் ஆய்வகத்திலேயே அளக்க முடிகின்றது.

தனி ஒளியணு மூலங்கள்

ஒரே ஓர் அணுவைக் கிளர்வித்தால் அது ஓர் ஒளியணுவை உமிழ்ந்து தாழ்நிலைக்கு வரும். மீண்டும் கிளர்வுறும் வரை அதனால் அடுத்த ஒளியணுவை உமிழ இயலாது. எனவே இரு ஒளியணுக்கள் ஒரே கணத்தில் வருவதில்லை. ஒவ்வொரு கிளர்ச்சித் துடிப்புக்கும் தவறாமல் ஒரே ஓர் ஒளியணுவைத் தரும் கருத்தியல் மூலத்தில் பரவற்படி சுழியம் ஆகும்.

தனி அணுக்கள், சிறைப்படுத்தப்பட்ட தனி அயனிகள், தனி மூலக்கூறுகள், குறைக்கடத்திக் குவாண்டம் புள்ளிகள், வைரப் படிகத்தில் நைதரசன் அணுவும் அதன் அருகில் ஒரு வெற்றிடமும் சேர்ந்த குறைபாடு ஆகியன இத்தகைய மூலங்களாகப் பயன்படுகின்றன. மற்றொரு முறையில், நேரிலாப் படிகமொன்றில் உயர் ஆற்றல் கொண்ட ஓர் ஒளியணு இரு தாழ் ஆற்றல் ஒளியணுக்களாகப் பிரிகின்றது. இவ்விணையில் ஒன்றைப் பதிவு செய்தால், மற்றொன்று இருக்கின்றது என்ற அறிவிப்பாக அது அமையும். ஒளியணுக்கள் இணையாகத் தோன்றுவதை 1970 இல் பர்ன்ஹாம், வைன்பெர்க் ஆகியோர் ஆய்வில் கண்டனர்.

ஒப்பீடு

சராசரி எண்ணிக்கை 1 ஆக உள்ளபோது, ஓர் இடைவெளியில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஒளியணுக்கள் இருப்பதற்கான நிகழ்தகவுகள் கீழே தரப்பட்டுள்ளன.

| ஒளியணுக்கள் | லேசர் ஒளி | வெப்ப ஒளி (ஓர் அலைப்பாங்கு) | கருத்தியல் தனி ஒளியணு மூலம் |
|---|---|---|---|
| 0 | 0.368 | 0.500 | 0 |
| 1 | 0.368 | 0.250 | 1 |
| 2 | 0.184 | 0.125 | 0 |
| 3 | 0.061 | 0.063 | 0 |
| 4 அல்லது மேல் | 0.019 | 0.063 | 0 |
| பரவற்படி | 1 | 2 | 0 |

வெப்ப ஒளியில் சராசரி எவ்வளவு கூடினாலும், ஒளியணுவே இல்லாத நிலைக்குத்தான் மிகுந்த நிகழ்தகவு உண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

இரண்டாம் படி ஒட்டுறவுக் கெழு

ஃபானோ காரணியை நேரடியாக அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வழியில் இழக்கப்படும் ஒளியணுக்களும், உணரி பதிவு செய்யத் தவறும் ஒளியணுக்களும் புள்ளியியலை மாற்றிவிடுகின்றன. எடுத்துக்காட்டாக, ஃபானோ காரணி 0 ஆக உள்ள ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே பதிவானால், அளக்கப்படும் காரணி 0.8 ஆக உயர்ந்துவிடும். எவை இழக்கப்படுகின்றன என்பது தற்செயல் ஆதலால், இழப்பு எந்த ஒளியையும் பாய்சான் வகையை நோக்கித் தள்ளுகின்றது.

இதனால் இரண்டாம் படி ஒட்டுறவுக் கெழு பெரிதும் பயன்படுத்தப்படுகின்றது. ஒளிக்கற்றையை ஒரு பிரிப்பானால் இரண்டாகப் பிரித்து, இருபுறமும் ஓர் உணரி வைக்கப்படும். இரு உணரிகளும் ஒரே கணத்தில் பதிவு செய்யும் வீதத்தை, அவை ஒன்றையொன்று சாராதிருந்தால் எதிர்பார்க்கக்கூடிய வீதத்தால் வகுத்தால் சுழியக் காலத்தாழ்வுக்கான கெழு கிடைக்கும். இழப்பு ஏற்பட்டால் மேலே உள்ள எண்ணும் கீழே உள்ள எண்ணும் ஒரே விகிதத்தில் குறைவதால் இக்கெழு மாறுவதில்லை. மேலும், ஓர் உணரி ஓர் ஒளியணுவைப் பதிவு செய்தபின் சிறிது நேரம் செயலற்றிருக்கும். இரண்டு உணரிகள் இருப்பதால் அந்த இடைவெளியிலும் அளக்க முடிகின்றது.

கெழுவின் மதிப்புகள் வருமாறு:

* வெப்ப ஒளி: 2
* லேசர் ஒளி: 1
* இரு ஒளியணுக்கள் மட்டுமே கொண்ட நிலை: 0.5
* தனி ஒளியணு: 0

வெப்ப ஒளியில் ஒளியணுக்கள் சேர்ந்து வரும் இயல்பு திரளல் எனவும், தனி அணுவின் ஒளியில் அவை விலகி வரும் இயல்பு எதிர்த்திரளல் எனவும் அழைக்கப்படும். ஆய்வுக் கட்டுரைகளில் கெழு 0.5 ஐ விடக் குறைவாக இருந்தால் மூலம் ஒரே உமிழியாலானது என்று கொள்வது வழக்கம். இரு உமிழிகள் சமமாக ஒளிர்ந்தால் கெழு 0.5 ஆக இருக்கும் என்பதே இதன் காரணம். எதிர்த்திரளலும் குறைப் பாய்சான் தன்மையும் பெரும்பாலும் சேர்ந்தே காணப்பட்டாலும் அவை ஒரே கருத்து அல்ல. முன்னது கால இடைவெளியோடு கெழு மாறும் விதத்தையும், பின்னது மொத்த எண்ணிக்கையின் பரவலையும் குறிக்கும்.

அலைக் கொள்கையின் எல்லை

ஒளியணுக்கள் தனித்தனியாகப் பதிவாவதே ஒளி துகள்களாலானது என்பதற்குச் சான்று எனப் பலர் கருதுவர். ஆனால் ஒளியைத் தொடர்ச்சியான அலையாகவும், உணரியிலுள்ள அணுக்களை மட்டும் குவாண்டம் பொருள்களாகவும் கொண்டாலும் தனித்தனிப் பதிவுகள் கிடைக்கும். நிலையான செறிவுள்ள அலை பாய்சான் பரவலைத் தரும். ஏறி இறங்கும் அலை மிகைப் பாய்சான் பரவலைத் தரும். 1950களின் இறுதியில் லெனார்ட் மாண்டல் இதற்கான வாய்பாட்டை அளித்தார். எனவே லேசர் ஒளியும் வெப்ப ஒளியும் அலைக் கொள்கையை வீழ்த்துவதில்லை.

அலைக் கொள்கையின்படி ஒட்டுறவுக் கெழு என்பது செறிவின் வர்க்கத்தின் சராசரியைச் செறிவின் சராசரியின் வர்க்கத்தால் வகுத்த ஈவு ஆகும். வர்க்கங்களின் சராசரி, சராசரியின் வர்க்கத்தை விட ஒருபோதும் குறையாது. ஆகவே எந்த அலைக்கும் இக்கெழு 1 ஐ விடக் குறைய இயலாது. 1 ஐ விடக் குறைந்த மதிப்பு ஆய்வில் கிடைத்தால், ஒளியையே குவாண்டம் பொருளாகக் கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

வரலாறு

1909 இல் ஜெஃப்ரி டெய்லர், வளிமச் சுடரின் ஒளியைப் புகையேற்றிய கண்ணாடிகளால் மிகவும் மங்கச் செய்து, ஓர் ஊசியின் நிழலைப் பல வாரங்கள் நிழற்படத் தகட்டில் பதிவு செய்தார். ஒளி மங்கியபோதும் விளிம்பு வளைவுக் கோலம் மாறவில்லை. இது தனி ஒளியணுக்களைக் கொண்டு நடந்த ஆய்வாக நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. எனினும் மங்கச் செய்வதால் வெப்ப ஒளியின் ஒட்டுறவுக் கெழு மாறுவதில்லை. அவ்வொளி சராசரியில் சிறியதே தவிர, தனி ஒளியணு நிலை அன்று.

1956 இல் ராபர்ட் ஹான்பரி பிரவுன், ரிச்சர்ட் டிவிஸ் ஆகியோர் பாதரச விளக்கின் ஒளியைப் பிரித்து இரு உணரிகளின் ஏற்ற இறக்கங்களுக்கிடையே ஒட்டுறவு இருப்பதைக் காட்டினர். ஹான்பரி பிரவுன் 1916 இல் நீலகிரி மாவட்டத்திலுள்ள அருவங்காட்டில் பிறந்தவர். சாராத ஒளியணுக்கள் ஒருங்கே வருவது எவ்வாறு என்று இயற்பியலாளர் பலர் ஐயுற்றனர். வேறு குழுக்கள் செய்த ஆய்வுகளில் இவ்விளைவு தென்படவில்லை. அவ்வாய்வுகளின் உணர்திறன் போதாது என்பதையும், திரளல் என்பது ஒளியணுக்களின் போசு-ஐன்ஸ்டைன் தன்மையிலிருந்து எதிர்பார்க்கத்தக்கதே என்பதையும் எட்வர்ட் பர்செல் அதே ஆண்டில் விளக்கினார்.

இம்முறை விண்மீன்களை அளக்கப் பயன்பட்டது. இரு ஆடிகளை விலக்கிக்கொண்டே சென்றால், எந்தத் தொலைவில் ஒட்டுறவு மறைகின்றதோ அதிலிருந்து விண்மீனின் கோண விட்டத்தைக் கணிக்கலாம். ஹான்பரி பிரவுனும் டிவிசும் படைத்துறையின் தேடுவிளக்கு ஆடிகள் இரண்டைக் கொண்டு சிரியசு விண்மீனின் கோண விட்டம் 0.0063 விகலை என்று 1956 இல் வெளியிட்டனர். பின்னர் ஆஸ்திரேலியாவின் நராபிரியில் அமைக்கப்பட்ட கருவி 32 விண்மீன்களின் விட்டங்களை அளந்தது.

1963 இல் ராய் கிளௌபர் ஒளியின் ஓரியல்பு பற்றிய முழுமையான குவாண்டம் கொள்கையை வகுத்தார். அதே ஆண்டில் ஜார்ஜ் சுதர்சன், எந்த ஒளி நிலையையும் ஓரியல் நிலைகளின் வழியாக எழுதும் முறையை வெளியிட்டார். சுதர்சன் கேரளத்தில் பிறந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர். பின்னாளில் சென்னையிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். 2005 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பாதி கிளௌபருக்கு வழங்கப்பட்டபோது, தம் பங்களிப்பு புறக்கணிக்கப்பட்டதாகச் சுதர்சன் எதிர்ப்புத் தெரிவித்தார்.

1977 இல் ஜெஃப் கிம்பிள், மாரியோ டாகனே, லெனார்ட் மாண்டல் ஆகியோர் சோடியம் அணுக்களின் ஒளிர்வில் எதிர்த்திரளலைக் கண்டனர். 1983 இல் சார்ட்டும் மாண்டலும் குறைப் பாய்சான் புள்ளியியலை அளந்தனர். 1986 இல் பிலிப் கிராஞ்சியர், ஜெரார் ரோஜர், ஆலன் ஆஸ்பே ஆகியோர் கால்சியம் அணுக்களிலிருந்து பெற்ற தனி ஒளியணுக்கள் பிரிப்பானில் ஏதேனும் ஒரு புறத்தில் மட்டுமே பதிவாவதைக் காட்டினர். அதே ஒளியணுக்கள் குறுக்கீட்டு விளைவையும் தந்தன. மங்கச் செய்த சாதாரணத் துடிப்பொளியில் இவ்வாறு ஒருபுறம் மட்டும் பதிவாகும் தன்மை காணப்படவில்லை.

பயன்பாடுகள்

குவாண்டம் மறையீட்டியல்

1984 இல் சார்லஸ் பென்னட், ஜில் பிரசார்ட் ஆகியோர் முன்வைத்த மறைச்சாவிப் பகிர்வு முறையில், சாவியின் ஒவ்வொரு துணுக்கும் ஓர் ஒளியணுவில் ஏற்றி அனுப்பப்படுகின்றது. ஒற்றர் அதை அளந்தால் அதன் நிலை குலைந்து, ஒட்டுக்கேட்பு வெளிப்பட்டுவிடும். ஆனால் ஒரு துடிப்பில் இரு ஒளியணுக்கள் இருந்தால், ஒற்றர் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றொன்றைக் குலையாமல் அனுப்பிவிட முடியும்.

நடைமுறையில் தனி ஒளியணு மூலத்துக்கு மாற்றாக மங்கச் செய்த லேசரே பெரும்பாலும் பயன்படுகின்றது. சராசரி 0.1 எனக் கொண்டால், 90.5 விழுக்காடு துடிப்புகள் வெறுமையாக இருக்கும்; 9.05 விழுக்காட்டில் ஓர் ஒளியணுவும், 0.47 விழுக்காட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவையும் இருக்கும். அதாவது வெறுமையற்ற துடிப்புகளில் ஏறத்தாழ இருபதில் ஒன்று ஒற்றருக்கு இடம் தருகின்றது. இதே சராசரியுள்ள ஓரலைப்பாங்கு வெப்ப ஒளியில் இப்பங்கு ஏறத்தாழ பதினொன்றில் ஒன்றாக உயரும். சராசரியை மேலும் குறைத்தால் பாதுகாப்பு கூடும். ஆனால் செய்தி செல்லும் வேகம் குறைந்துவிடும். இதற்குத் தீர்வாக, வெவ்வேறு சராசரிகள் கொண்ட ஏமாற்றுத் துடிப்புகளை இடையிடையே கலந்து அனுப்பும் முறையை 2003 இல் ஹுவாங் முன்மொழிந்தார்; 2005 இல் வேறு ஆய்வாளர்கள் அதை நடைமுறைக்கேற்ப வளர்த்தெடுத்தனர். ஒற்றர் பல ஒளியணுத் துடிப்புகளைத் தேர்ந்தெடுத்துக் கையாண்டால், பெறுமுனையில் பதிவாகும் விகிதங்கள் மாறி அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஈர்ப்பலை அளவீடு

ஈர்ப்பலைக் காணகங்களில் லேசர் ஒளியணுக்களின் தற்செயல் ஏற்ற இறக்கமே உயர் அதிர்வெண்களில் முதன்மை இரைச்சல் ஆகும். ஒளியின் ஒரு கூறின் இரைச்சலைக் குறைத்து, மற்றொரு கூறில் அதைக் கூடவிடும் இறுக்கிய ஒளியால் இதனைத் தணிக்கலாம். செருமனியிலுள்ள ஜியோ 600 காணகத்தில் 2010 முதலும், லைகோ, விர்கோ காணகங்களில் 2019 இல் தொடங்கிய மூன்றாம் நோக்கீட்டுக் காலத்திலும் இது பயன்படுத்தப்பட்டது.

வானியல்

நராபிரிக் கருவியின் பணி 1970களில் முடிந்தபின் செறிவு ஒட்டுறவு முறை நெடுங்காலம் கைவிடப்பட்டிருந்தது. விரைவான உணரிகளும் கணினிகளும் வந்தபின் அது மீண்டும் உயிர்பெற்றது. காமாக் கதிர் நோக்கீட்டுக்கென அரிசோனாவில் அமைந்த வெரிடாசு தொலைநோக்கிகளைக் கொண்டு இரு விண்மீன்களின் கோண விட்டங்கள் அளக்கப்பட்டு, முடிவுகள் 2020 இல் வெளியாயின.

இவற்றையும் பார்க்க

* ஒளியணு
* சீரொளி
* பாய்சான் பரவல்
* போசு-ஐன்ஸ்டைன் புள்ளியியல்
* குவாண்டம் மறையீட்டியல்